மனசுக்கு இந்தியில் என்ன வார்த்தை?

அந்த ஜீப் வந்து நின்றபோது நான் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்கு வருகிற ஷேர் ஜீப் என்றால் பின்னால் நாலு பேராவது தொங்கிக்கொண்டு வருவார்கள். இதில் யாரும் தொங்கவில்லை. முன்சீட்டிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் இறங்கினார். ஒட்ட வெட்டிய முடி, வளையாத முதுகு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் என்று பார்த்த உடனே தெரிந்தது. பின்சீட்டிலிருந்து புடவை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்ட ஒரு பெண்மணி இறங்கினார்.

"கொமரேசன் வூடு எதுங்க?" என்று பெரியவர் கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். பட்டாளத்தில் இருக்கும் என் கணவர் பெயரைச் சொல்லி இப்படி ஆள் வந்தால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். என் மாமனார் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். கால் மடங்கி, காய வைத்திருந்த புளி மேலேயே விழுந்தார். பக்கத்து வீட்டு கோயிந்தம்மாள்தான் முதலில் மாரில் அடித்துக்கொண்டாள். "எங்கள வுட்டுட்டுப் பூட்டியேடா கொமரேசா!" என்று அவள் போட்ட கூச்சலில் நாலு வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஒப்பாரி தொடங்கிவிட்டது.

அந்த நிமிஷத்தில் எனக்குள் என்ன நடந்தது என்று இந்த வாரப் பத்திரிகைத் தொடருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். உட்கார்ந்து மூன்று நாளாகிறது.

நான் அழவில்லை. முறம் கையில் அப்படியே இருந்தது. காற்று நன்றாக அடித்தது. 'வந்துடுச்சு' என்று நினைத்தேன். ஒன்பது மாதமாக ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் வேலையைப் போட்டுவிட்டு நின்றவள், வரவேண்டிய ஜீப் வந்துவிட்டது, இனிமேல் வராது என்று நினைத்தேன். ஏதோ ஒரு பாரத்தை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. புருஷன் செத்த சேதி வந்ததாக நம்பிய பெண்ணுக்கு முதலில் வந்தது அதுதான். துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் வந்ததா, இல்லை வர வேண்டுமே என்று நானாக வரவழைத்தேனா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மேப்பில் ஒரு விரல்

என் கணவர் குமரேசன் பட்டாளத்தில் நாயக் பதவியில் இருப்பவர். ஜமுனாமரத்தூரிலிருந்து முக்கால் மணி நேரம் மலைக்குள்ளே போனால் வரும் எங்கள் ஊரிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான். நான் கலசப்பாக்கத்துப் பெண். மகளோடு மூன்று வருஷம் வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்த கதையைத்தான் முந்தின வாரங்களில் எழுதியிருந்தேன்.

அந்தக் குவார்ட்டர்ஸில் ஒருநாள் சாயங்காலம் அவர் பூரிப்போடு வந்தார். ஐக்கிய நாடுகளின் அமைதிப்படைக்கு அவருடைய பிரிவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். தெற்கு சூடான். ஒரு வருஷம். குடும்பத்தை அழைத்துப் போக முடியாது.

"அது எங்க இருக்குது?" என்றேன்.

மகளின் புத்தகத்திலிருந்த உலக வரைபடத்தை விரித்து ஆப்பிரிக்காவின் நடுவில் விரலை வைத்தார். அந்த விரல் நாலு நாட்டை மூடியது. எந்த நாடு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"சண்டை நடக்குதா அங்க?"

"சண்டை நடக்கக் கூடாதுன்னுதானே போறோம்."

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் ரொம்ப நாள் யோசித்தேன். எல்லையில் நின்றால் எதிரி யார் என்று எனக்குத் தெரியும். அங்கே யாருக்கோ யாருக்கோ சண்டை, இவர்கள் நடுவில் நிற்கிறார்கள், இவர்கள் யாரையும் சுடக்கூடாது. அப்படியானால் இவர்களை யார் சுடுவார்கள்? அதைக் கேட்டால், "யாரும் சுட மாட்டாங்க" என்பார். பிறகு ஏன் குண்டு துளைக்காத அங்கி?

மாமியார் இறந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. மாமனார் தனியாக இருந்தார். அதனால் மகள் தாமரையைக் கூட்டிக்கொண்டு நான் மலைக்கே வந்துவிட்டேன். தாமரைக்கு அப்போது ஆறு வயது.

ஊரில் அவர் இருக்கும் இடத்தை ஆளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொண்டார்கள். சிலருக்கு துபாய். எங்கள் பக்கத்திலிருந்து போனவர்கள் எல்லாம் அங்கேதானே போனார்கள். கோயிந்தம்மாளுக்கு அது காஷ்மீர். "குளுருமேடி அங்க" என்பாள். நான் திருத்தித் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். ஒரு கட்டத்தில் எனக்கே, குளிருமோ என்று சந்தேகம் வந்தது.

டீக் ஹை

வீட்டில் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு பாறை இருக்கிறது, அதன் மேல் ஏறினால் இரண்டு கோடு வரும். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்கு நான் ஏறி நிற்பேன். அவருக்கு அப்போது காலை எட்டு மணி.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். நீங்க?"

"நல்லா இருக்கேன். அப்பா?"

"நல்லா இருக்காரு."

தாமரை போனை வாங்கி அவள் பல் விழுந்ததைக் காட்டுவாள். படம் அசையாமல் நின்றுவிடும். ஒருமுறை அவர் முகம் கண் பாதி மூடினபடி நின்றுபோனது. அதையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் பாறையில் நின்றேன்.

புதன்கிழமை இன்னொரு போன் வரும். அவருடைய பிரிவின் கமாண்டர் மனைவி. நாங்கள் எல்லோரும் 'மேடம்' என்போம். வீட்டுக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிப்பார். நல்ல மனுஷி. ஆனால் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த இந்தி, காய்கறி வண்டிக்காரனிடம் பேசுகிற இந்தி.

"சப் டீக் ஹை, மல்லிகா?"

"டீக் ஹை, மேடம்."

எல்லாம் சரியா, சரிதான்; ஏழெட்டு மாதம் இந்த இரண்டு வரிதான்.

ஆனால் நான் சரியாக இல்லை. ரேஷன் கடைக்குப் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் வரிசையில் நிற்பேன். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். மாமனார் ஒன்றும் சொல்லாமல் தண்ணீரை ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் தாமரைக்குக் காய்ச்சல் என்று ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஊசி போட்டு, மாத்திரை வாங்கி, ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வளைவு தாண்டின பிறகுதான் மடி காலியாக இருப்பது உறைத்தது. குழந்தையை ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இறங்கி ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. அவள் அதே பெஞ்சில், மாத்திரை கவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பாத்ரூம் போனியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை மேடம் வழக்கம்போலக் கேட்டார். டீக் ஹை என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. 'மனசு சரியில்லை' என்று சொல்லத் தோன்றியது. மனசுக்கு இந்தியில் என்ன? 'தில்' என்ற வார்த்தை தெரியும். சினிமாப் பாட்டில் காதலுக்குச் சொல்கிற வார்த்தையைப் போய் கமாண்டர் மனைவியிடம் எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. தலைக்குள் நடப்பதுதானே எல்லாம் என்று, தெரிந்த இன்னொரு வார்த்தையைப் போட்டேன்.

"மேரா திமாக் டீக் நஹி ஹை, மேடம்."

அவர் "மல்லிகா? மல்லிகா?" என்றார். பிறகு வேகமாக என்னென்னவோ கேட்டார். எனக்குப் பாதி புரியவில்லை. எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று "ஹாங் ஜி" சொன்னேன். அவர் கேட்டவற்றில் ஒன்று, 'உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறதா' என்பது. பிற்பாடுதான் தெரிந்தது.

"எனக்கா?"

இப்போது களத்துக்குத் திரும்புகிறேன்.

ஒப்பாரி உச்சத்தில் இருந்தபோது அந்தப் பெரியவர் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, "நிறுத்துங்கம்மா! யாரும் சாவல! கொமரேசன் நல்லா இருக்காரு!" என்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. கூட வந்த பெண்மணிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீதானே மல்லிகா?"

தலையாட்டினேன்.

"உன் வூட்டுக்காரர் நல்லா இருக்காரும்மா. உனக்குத்தான் ஒடம்பு சரியில்லன்னு சொன்னாங்கோ. உன்னப் பாக்கத்தான் வந்தோம்."

"எனக்கா?" என்றேன். "எனக்கு இன்னா?"

அதை எப்படிச் சொல்வது என்று அவர் பெரியவரைப் பார்த்தார். பெரியவர் புளியிலிருந்து மாமனாரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெரியவர் போளூரில் இருக்கும் ஓய்வு பெற்ற சுபேதார். பெண்மணி ஷகிலா அக்கா. வாணியம்பாடியில் பிறந்து போளூரில் வாழ்க்கைப்பட்டவர், அவர் கணவரும் பட்டாளத்தில் இருந்தவர். இந்தியும் தமிழும் சரளமாகப் பேசக்கூடிய பட்டாளத்து வீட்டுப் பெண் இந்தப் பக்கம் யார் என்று விசாரித்து, மேடம் அவரைப் பிடித்திருக்கிறார். 'ஒரு சிப்பாயின் மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது, மலையில் தனியாக இருக்கிறாள், உடனே போய்ப் பாருங்கள்' என்று தகவல்.

விஷயம் புரிந்ததும் ஒப்பாரி வைத்த பெண்களின் முகம் மாறியதைப் பார்த்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். கோயிந்தம்மாள் தாமரையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஷகிலா அக்கா என்னை உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தார். "இன்னா சொன்னே மேடம்கிட்ட?"

சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. "அரே, மனசுன்னா 'மன்'தான்மா! நம்ம வார்த்தையேதான். நீ மூளை சரியில்லன்னு சொல்லிட்டே. நான் மேடமுக்குப் பேசிச் சொல்லிடறேன், வார்த்தை தப்பாப் பூட்டுதுன்னு."

சரி என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஜீப் திரும்பிப் போயிருக்கும்.

"இல்லக்கா" என்றேன். "எனக்கு அந்த வார்த்தை தப்பா, சரியான்னே தெரியல." ஆஸ்பத்திரி பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். களத்தில் முறத்தோடு நின்றபோது தோன்றியதையும் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க வூட்டுக்காரர் காஷ்மீர்ல இருந்து முழுசா திரும்பி வந்தாரு" என்றார். "வந்த அன்னிக்கு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. இன்னா கோவம்னு இன்னி வரைக்கும் தெரியாது. சோறு போட்டேன், தட்டைத் தள்ளி வெச்சேன். அவரு பயந்துட்டாரு."

பிறகு, "கொஞ்சம் தண்ணி குடும்மா, ஜீப்புல தொண்டை காஞ்சிடுச்சு" என்றார்.

"நீ சொல்லு"

பாறைக்கு ஏறினோம். சிக்னல் வந்ததும் என் போன் விடாமல் அடித்தது. பன்னிரண்டு மெசேஜ். எல்லாம் என் கணவரிடமிருந்து. 'ஆள் வருவாங்க. பயப்படாதே. ஊருல சொல்லி வை.' முந்தின நாளே அனுப்பியிருக்கிறார்.

ஷகிலா அக்கா கொஞ்சம் கீழே இறங்கிப் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கணவருக்குப் போன் போட்டேன். ஒரே மணியில் எடுத்தார்.

"மல்லி! உனக்கு இன்னா ஆச்சு? மேஜர் சாப் கூப்ட்டு, உன் பொண்டாட்டிக்கு மெண்டல் பிராப்ளம்னு சொல்றாரு!"

"இங்க உங்களுக்கு ஒப்பாரி வெச்சிட்டாங்க. மாமா கீழ வுழுந்துட்டாரு."

"எனக்கா? எதுக்கு?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினோம், ஒரே நேரத்தில் நிறுத்தினோம். நான் ஒருவழியாக விளக்கினேன். அவர் பெருமூச்சு விட்டது காதில் கேட்டது.

"சரி கேளு. ஊருக்குப் போறியான்னு கேக்கறாங்க. இன்னும் மூணு மாசம்தான் பாக்கி. இப்ப வந்துட்டா திரும்ப இந்த மாதிரி சான்ஸ் வராது. ஆனா போறேன்னா அனுப்பிடுவாங்க. நான் வரணுமா, வேணாமா? நீ சொல்லு."

"தெரியல."

"தெரியலன்னா?"

"தெரியலன்னா தெரியலதான். நீங்க வந்தா நல்லா இருக்கும்னு தோணுது. வந்தா உங்ககிட்ட இன்னா பேசறதுன்னும் தெரியல. ஒம்பது மாசமா நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்றீங்க. நீங்க எப்பிடி இருக்கீங்கன்னு எனக்கு ஒண்ணுமே தெரியாது." சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. தாமரையை விட்டுவிட்டு வந்ததையும் சொல்லிவிட்டேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்து போனைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"மல்லி."

"ம்."

"போன மாசம் ஒரு ஃபாரத்துல பாப்பா பேரு எழுதச் சொன்னாங்க. எனக்கு ஞாபகம் வரல. பத்து நிமிசம். பேனாவப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்தவன் சிரிச்சிட்டான்."

பாறை சுட்டது. காலை மாற்றி மாற்றி வைத்தேன்.

"அப்புறம் வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு."

பல வருஷமாக எங்களுக்குள் நடந்த பேச்சுகளில் அதுதான் உண்மையான பேச்சு என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. பயமாகத்தான் இருந்தது. நான்தான் இப்படி என்று நினைத்திருந்தேன், அங்கேயும் ஒருவர் இப்படித்தான் இருக்கிறார்.

கடைசியில், "இருந்து முடிச்சிட்டே வாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் ஆசைக்காகவா, அவரை எதிர்கொள்ளப் பயந்தா? எனக்குத் தெரியாது. அவர் தன் மேஜரிடம் தன்னைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்தார்களாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் 'நல்லா இருக்கேன்' என்பதை விட்டுவிட்டோம். சில ஞாயிறுகளில் அதனால் சண்டை வந்தது.

போளூர் மாடி

அந்த மூன்று மாதத்தில் புதன்கிழமை போன் ஷகிலா அக்காவிடமிருந்து வந்தது, தமிழில். ஏற்பாடு செய்தவர் மேடம்தான். மாதத்துக்கு ஒருமுறை போளூரில் அக்கா வீட்டு மாடிக்கு வரச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் வீட்டுக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த பெண்கள் நாலு பேர் வந்தோம்.

அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. டீ குடிப்போம். திருவண்ணாமலையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து, தனித்தனியாகப் பேச விரும்புகிறவர்களிடம் பேசுவார். எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறதி மெல்லக் குறைந்தது. கைக்குழந்தையோடு வருகிற ஒரு பெண் மட்டும் வந்த உடனே பாயை விரித்துப் படுத்துவிடுவாள். சாயங்காலம்வரை தூங்குவாள். குழந்தையை நாங்கள் மாற்றி மாற்றி வைத்திருப்போம். ஒருநாளும் அவளை யாரும் எழுப்பியதில்லை.

ஊரில் எனக்கு 'மூளை கலங்கினவள்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஜீப் வந்துபோன பிறகு மாமனார் நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு, இடுப்பு வலியோடு கம்பை ஊன்றிக்கொண்டு கிளம்பினார். "நான் போய் புள்ளயக் கூட்டியாறேன். நீ இரு" என்றார். அதற்குப் பிறகு தினமும் அவர்தான். என்மீது நம்பிக்கை இல்லாமல் போகிறாரா, என் பாரத்தைக் குறைக்கப் போகிறாரா என்று நான் குழம்பினேன். கேட்க தைரியமில்லை.

சமதரை

அவர் வந்த நாள் வெயில் கொளுத்தியது. டெல்லியிலிருந்து காட்பாடி, அங்கிருந்து பாசஞ்சர் வண்டியில் போளூர். நானும் தாமரையும் ஸ்டேஷனில் நின்றோம்.

வண்டி நின்றதும் பச்சைப் பெட்டியோடு இறங்கிய ஒருவரைப் பார்த்து நான் கையைத் தூக்கி ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துத் திகைத்தார். வேறு யாரோ. அதற்குள் பின்னாலிருந்து, "மல்லி, இங்க" என்று குரல் கேட்டது. காதோரம் நரைத்து, கன்னம் ஒட்டி, சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் நின்றார். தாமரை என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "இவரா அப்பா?" என்று கேட்டாள். அவருக்குக் கேட்டுவிட்டது.

மலை பஸ்ஸில் ஏறினோம். மூன்று பேரும் ஒரே சீட்டில். வளைவுகள் தொடங்கியதும் அவர் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்தார். நெற்றியெல்லாம் வேர்வை. நாலாவது வளைவில், "நிறுத்தச் சொல்லு" என்றார்.

இந்த மலையில் பிறந்தவர். இந்த வழியில் லாரி மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு போனவர். பாதையோரம் குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் இறங்கிப் போய் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரைத் தொட்டது அப்போதுதான். கை நிறைய வேர்வை.

வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கீழே போளூர்ப் பக்கத்து வயல்கள் பச்சையும் பழுப்புமாகத் தெரிந்தன. தாமரை பஸ் ஜன்னலில் முகத்தை வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மலையே கெடையாது மல்லி" என்றார். "எந்தப் பக்கம் பாத்தாலும் சமதரை. மழை பேஞ்சா முட்டி வரைக்கும் சேறு. அந்தச் சேத்துல கூடாரம், கூடாரமா ஜனங்க. எவ்ளோ தூரத்துல வர்ற ஆளும் கண்ணுக்குத் தெரியும். நம்ம ஆளா, வேற ஆளா, துப்பாக்கி வெச்சிருக்கானா, கொழந்தயத் தூக்கிட்டு வர்றானான்னு மட்டும் தெரியாது. கிட்ட வர்ற வரைக்கும் பாத்துட்டே நிக்கணும்."

கண்டக்டர் விசில் கொடுத்தார். "ஏறுங்க சார், நேரமாவுது."

அவர் எழுந்திருக்கவில்லை. நானும் எழுப்பவில்லை. மண்ணில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "அப்புறம்?" என்றேன்.